வாகனப் பக்கம் – கேள்வி பதில்: நேர்ப்பாதையில் தோழன், வளைவில் எதிரி

கேள்வி: மோட்டோ ஜிபி பந்தய பைக்கையும் ஃபோர்மியூலா வன் பந்தயக் காரையும் ஒரே பாதையில் ஓடவிட்டால் எது முந்தும்? எங்கள் தேநீர்க் கடையில் எல்லோரும் பைக்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பந்தயம் கட்டியிருந்தால் காசை இப்போதே திருப்பிக் கேளுங்கள். கார்தான் முந்தும். அதுவும் மயிரிழையில் அல்ல.

இரண்டுமே ஓடிய பாதைகளில் நமக்குக் கிட்ட உள்ளது மலேசியாவின் செப்பாங். ஒரு சுற்று 5.543 கிமீ. 2017 தகுதிகாண் சுற்றில் லூயிஸ் ஹமில்டன் காரில் எடுத்த நேரம் 1 நிமிடம் 30.076 செக்கன். 2024இல் பிரான்செஸ்கோ பன்யாயா பைக்கில் எடுத்தது 1 நிமிடம் 56.337 செக்கன். சராசரி வேகமாகப் பார்த்தால் காருக்கு மணிக்கு 221 கிமீ, பைக்குக்கு 171 கிமீ. இதே வேகத்தில் இரண்டையும் ஒன்றாகப் புறப்பட விட்டால், பைக் நான்காவது சுற்றை முடிக்குமுன் கார் ஒரு முழுச் சுற்று முந்திப் பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கும்.

ஆனால் உங்கள் கடைக்காரர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. மோட்டோ ஜிபி பைக் 1000 சிசி, குறைந்தபட்ச நிறை 157 கிலோ, வலு 290 குதிரைவலு அளவில். உடையும் தலைக்கவசமும் அணிந்த ஓட்டுநரைச் சேர்த்தால் மொத்தம் 235 கிலோ வரும். ஃபோர்மியூலா வன் கார் 2022 முதல் 2024 வரை ஓட்டுநரோடு குறைந்தது 798 கிலோ, வலு சுமார் 1000 குதிரைவலு. வகுத்துப் பாருங்கள்: இரண்டுக்கும் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.25 குதிரைவலுதான். ஆகவே நேர்ப்பாதையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகும். அந்த 26 செக்கனும் தொலைவது பிரேக் பிடிக்கும் இடத்திலும் வளைவிலும்தான்.

கேள்வி: பைக் இவ்வளவு இலேசானது என்றால் பிரேக் பிடித்ததும் காரைவிடச் சீக்கிரம் நிற்க வேண்டுமே?
– உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: பௌதிகவியல் படிக்கிறீர்கள், ஒரு படம் வரையுங்கள். நிறை கூடினால் உராய்வு விசையும் அதே அளவு கூடும். அதனால் அமர்முடுகலைக் கணிக்கும்போது நிறை இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். பைக்கின் சிக்கல் வேறு. அதற்கு டயர் வழுக்குமுன் பின் சில்லு தூக்கிக்கொள்கிறது.

பந்தய பைக்கின் இரு சில்லு மையங்களுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 1.4 மீற்றர். பைக்கும் ஓட்டுநரும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் முன் சில்லுக்கு 0.7 மீற்றர் பின்னாலும், நிலத்திலிருந்து கிட்டத்தட்ட அதே உயரத்திலும் இருக்கிறது. முன் சில்லு நிலத்தைத் தொடும் புள்ளி பற்றி விசைகளின் திருப்பம் எடுத்தால் கிடைக்கும் எல்லை 1 ஜி, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகலின் அளவு. அதற்கு மேல் பிடித்தால் பைக் மூக்கால் கவிழும். 300 கிமீ வேகத்தில் வளி இழுவையும் சேர்ந்து உதவுவதால் எல்லை இன்னும் கொஞ்சம் உயரும், ஆனால் சராசரி 1.2 ஜியைத் தாண்டுவது கஷ்டம்.

கார் தாழ்ந்தது, நீளமானது, கவிழாது. அதோடு அதன் இறக்கைகளும் அடித்தளமும் வளியைப் பயன்படுத்தி அதை நிலத்தோடு அழுத்துகின்றன. உச்ச வேகத்தில் அந்த அழுத்தம் காரின் சொந்த எடையை மிஞ்சிவிடும். அதனால் முதல் மிதியில் 5 ஜி வரை கிடைக்கும். வேகம் குறையக் குறைய அழுத்தமும் குறையும், ஓட்டுநரும் மிதியை மெல்லத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். தளர்த்த மறந்தால் சில்லு பூட்டி டயர் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும்.

300 கிமீயிலிருந்து 100 கிமீக்கு இறங்க, சராசரி 1.2 ஜியில் பைக்குக்கு 260 மீற்றர் வேண்டும். சராசரி 3.5 ஜியில் காருக்கு 90 மீற்றர் போதும். இடையில் உள்ள 170 மீற்றரும் பைக் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் தூரம், கார் இன்னும் முழு வேகத்தில் பாயும் தூரம்.

கேள்வி: முழங்கை நிலத்தில் உரச சாய்கிறார்களே, அப்படிச் சாய்ந்தும் வளைவில் கார் எப்படி வேகமாகப் போகிறது?
– வாசகர், தெஹிவளை

பதில்: பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சாய்வின் கணக்கு எளிது. 45 பாகை சாய்ந்தால் பக்கவாட்டில் 1 ஜி. 60 பாகை என்றால் கணக்குப்படி 1.7 ஜி வர வேண்டும். ஆனால் டயருக்கு அகலம் இருப்பதால், சாயும்போது நிலத்தைத் தொடும் இடம் உள்பக்கம் நகர்ந்து உண்மையில் 1.5 ஜி அளவுதான் கிடைக்கும். ஓட்டுநர் உடம்பை உள்பக்கம் தொங்கவிடுவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான், படம் பிடிப்பவர்களுக்காக அல்ல.

150 மீற்றர் ஆரையுள்ள வளைவில் 1.5 ஜி என்றால் மணிக்கு சுமார் 170 கிமீ. அதே வளைவில் 4 ஜி தாங்கும் கார் 275 கிமீயில் போகும். மெதுவான கொண்டை ஊசி வளைவில் வித்தியாசம் இவ்வளவு இராது, அங்கே காரின் இறக்கைகளுக்கு வேலை குறைவு.

இன்னொன்று, பைக்கின் உயிர் முன் டயரில் இருக்கிறது. சாய்ந்திருக்கும்போது அது நிலத்தைத் தொடும் பரப்பு உள்ளங்கையைவிடச் சிறியது. மோட்டோ ஜிபியில் முன் டயரின் காற்றழுத்தம் 1.8 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் குறையக்கூடாது என்று 2024இல் விதி இருந்தது, பிரதான பந்தயத்தில் 60 சதவீதச் சுற்றுகளுக்காவது. விதிக்குப் பயந்து அழுத்தத்தைக் கூட்டிவைத்துப் புறப்படுகிறவர் இன்னொரு பைக்கின் பின்னால் மாட்டிக்கொண்டால், அதன் சூடான காற்று முன் டயரைச் சுட்டு அழுத்தத்தை இன்னும் ஏற்றும். 2 பாரைத் தாண்டினால் டயர் பந்துபோல் உப்பி, தொடும் பரப்பு சுருங்கி, பிரேக்கோடு சாயும்போது முன்பக்கம் சத்தமில்லாமல் வழுக்கிவிடும். தனியே முன்னால் ஓடுகிறவருக்கோ அழுத்தம் ஏறாமல் விதிக்குக் கீழே போகும் அபாயம். இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

கேள்வி: உச்ச வேகம்?
– வாசகர், மட்டக்குளி

பதில்: பைக்கில் 2023இல் இத்தாலியின் முஜெல்லோ பாதையில் பிராட் பைண்டர் தொட்டது மணிக்கு 366.1 கிமீ. காரில் 2016 மெக்சிக்கோ பந்தயத்தில் வல்தேரி பொட்டாஸ் 372.5 கிமீ. மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்துக்கு 2200 மீற்றருக்கும் மேலே, வளி ஐதானது, அந்த எண்ணில் அதற்கும் பங்குண்டு. மூன்றிலொரு பங்கு வலுவோடு பைக் இவ்வளவு கிட்ட வருவதற்குக் காரணம் அதன் குறுகிய உடல்தான்.

கேள்வி: அப்படியானால் கொழும்பு – காலி வீதியில் சிக்னல் விழுந்ததும் என் 150 சிசி பைக் வேகன் ஆர் காரை முந்துகிறது, திறந்த வீதியில் அதே கார் என்னை விட்டுவிட்டுப் போகிறதே?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அந்த 660 சிசி கார் 52 குதிரைவலு, ஓட்டுநரோடு சுமார் 850 கிலோ. உங்கள் பைக் 14 குதிரைவலு, உங்களோடு 205 கிலோ. கிலோவுக்கு வலுவில் நீங்கள் சற்று மேலே, அதனால் 60 கிமீ வரை உங்கள் கை ஓங்கும். அதற்கு மேல் வளி குறுக்கே நிற்கிறது. பந்தய ஓட்டுநர் எரிபொருள் தாங்கியில் நெஞ்சை ஒட்டிப் படுக்கிறார். நீங்களோ விரித்த குடை மாதிரி நிமிர்ந்து இருக்கிறீர்கள். காரின் வலு உங்களுடையதைவிட மூன்றரை மடங்குக்கும் மேல், அதன் வளி இழுவை அந்த அளவுக்குக் கூடியதல்ல. விடை அதில் இருக்கிறது.

கேள்வி: கட்டுக்குருந்தைப் பந்தயப் பாதையில் என் 200 சிசி பைக்கை ஓட்டிப்பார்க்க இடம் கிடைத்திருக்கிறது. முன்கூட்டி என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், இரத்மலானை

பதில்: எஞ்சினை விடுங்கள், பிரேக் எண்ணெயில் தொடங்குங்கள். டொட் 4 (DOT 4) வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்கும். அது ஈரத்தை உறிஞ்சும் சாமான். கொழும்புக் கடற்காற்றில் இரண்டு வருடம் கிடந்த எண்ணெயின் கொதிநிலை 155 பாகைக்குக் கிட்ட இறங்கியிருக்கலாம். வீதியில் இது தெரியவே தெரியாது. பாதையில் நாலைந்து சுற்று ஓடியதும், பிரேக் பட்டையை அழுத்தும் கலிப்பருக்குள் எண்ணெய் கொதித்துக் குமிழி வரும். குமிழி நசுங்கும், எண்ணெய் நசுங்காது. பிரேக் பிடி கைப்பிடி வரைக்கும் போகும், பைக் நிற்காது.

மாற்றுவது கஷ்டமில்லை. கலிப்பரின் காற்று வெளியேற்றும் முலையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைப் போத்தலில் விடுங்கள். பிடியை அழுத்தி வைத்துக்கொண்டு முலையைக் கால் சுற்றுத் திறவுங்கள், பிடி முழுக்கப் போனதும் முலையை மூடுங்கள், அதன் பிறகே பிடியை விடுங்கள். மாற்றிச் செய்தால் காற்று உள்ளே போகும். மேலே உள்ள கிண்ணம் வற்றாமல் பார்த்து, தெளிந்த எண்ணெய் குமிழியில்லாமல் வரும்வரை தொடருங்கள். தாங்கியில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும். பிரேக் பட்டை 2 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் புதிது போடுங்கள். டயர் அழுத்தத்தைக் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறித்துவையுங்கள், ஓடி வந்து இறங்கியதும் மறுபடி அளவுங்கள். சூட்டில் காற்றை இறக்கியிருந்தால், அதை வீட்டுக்குப் போகுமுன் திருப்பி அடிக்க மறக்க வேண்டாம்.