வகுப்புல படம் போடலாமா, புக்கு ஜெராக்ஸ் எடுக்கலாமா? டீச்சருங்க கேட்ட காப்பிரைட் கேள்விகள்

நான் வக்கீல் இல்லங்க, முதல்லயே சொல்லிடறேன். காலேஜ் லைப்ரரில 22 வருஷம் இருந்தவன், ஜெராக்ஸ் மிஷினுக்கு பக்கத்துலயே என் சீட்டு, அதனால வேற வழியில்லாம இந்த சட்டத்த படிச்சு வச்சவன். கோர்ட் நோட்டீஸ் வந்தாச்சுன்னா வக்கீல போய் பாருங்க. மத்தபடி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

காலேஜ் வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன் சார். புரொபசருங்க நாலஞ்சு புக்குல இருந்து சாப்டர் சாப்டரா குடுத்து ஸ்பைரல் போட சொல்றாங்க, பசங்க வந்து வாங்கிக்கிறாங்க. நாளைக்கு ஏதாவதுன்னா மாட்டறது நான்தானே?

அண்ணே, உங்க கேள்விக்காகவே ஹைகோர்ட் வரைக்கும் போக வேண்டி வந்த ஒரு ஜெராக்ஸ் கடை டெல்லில இருக்கு. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள்ள ராமேஷ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ்னு சின்ன கடை. 2012ல ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூணு பேரும் சேர்ந்து அந்த கடை மேலயும் டெல்லி யுனிவர்சிட்டி மேலயும் கேஸ் போட்டாங்க, நஷ்டஈடு கேட்டது 60 லட்சம். ஜெராக்ஸ் கடைக்காரர் கிட்ட 60 லட்சம்! பசங்க சும்மா இருக்கல, சங்கம் வச்சு நாங்களும் இந்த வழக்குல ஒரு கட்சின்னு உள்ள வந்தாங்க, வாத்தியாருங்களும் வந்தாங்க, அமர்த்தியா சென்னே கேஸ வாபஸ் வாங்குங்கன்னு கேட்டாரு, அவரு புக்க போட்டதே அந்த ஆக்ஸ்போர்டுதான்.

2016 செப்டம்பர்ல டெல்லி ஹைகோர்ட் பப்ளிஷருங்க கேஸ தள்ளிடுச்சு. காப்பிரைட் சட்டம் 1957ல 52(1)(ஐ)ன்னு ஒரு பிரிவு இருக்கு, பாடம் நடத்தற போக்குல ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்ப காப்பி எடுத்தா அது மீறல் இல்லன்னு சொல்லுது. நீதிபதி சொன்னது ரொம்ப எளிமையான விஷயம்தான், முன்னாடி பசங்க லைப்ரரில உக்காந்து கையால எழுதிட்டு போனாங்க, இப்ப மிஷின்ல எடுக்கறாங்க, கை வலிக்காம போனதுனால மட்டும் சரியா இருந்தது தப்பாயிடுமா? அதே வருஷம் டிசம்பர்ல அப்பீல்ல ரெண்டு நீதிபதிங்க உக்கார்ற டிவிஷன் பெஞ்ச் இன்னும் தெளிவாக்குச்சு. பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுக்கலாம், இத்தனை சதவீதம்னு கணக்கு கிடையாது. இந்த பத்து பர்சென்ட் கதைய நம்ம ஊர்ல யாரு கிளப்பி விட்டாங்கன்னே தெரியல, சட்டத்துல எங்கயும் இல்ல.

ஆனா முழுசா நிம்மதி ஆயிடாதீங்க. குடுத்த பக்கங்கள் எல்லாம் நெஜமாவே பாடத்துக்கு தேவையா, முழு புக்கா எடுத்தது சரியான்னு விசாரிக்க கேஸ கீழ அனுப்பினாங்க, அந்த விசாரணை நடக்கறதுக்குள்ள 2017 மார்ச்ல பப்ளிஷருங்க வாபஸ் வாங்கிட்டாங்க, அதனால அந்த ரெண்டுக்கும் பதிலே வரல. இன்னொன்னு, அந்த கடை யுனிவர்சிட்டியே லைசென்ஸ் குடுத்து வளாகத்துக்குள்ள வச்சது, பக்கத்துக்கு 40 பைசா. உங்களுது வாசலுக்கு வெளிய. டெல்லி தீர்ப்பு மெட்ராஸ் ஹைகோர்ட்ட கட்டுப்படுத்தாது, ஆனா எந்த வக்கீலும் முதல்ல அதைத்தான் எடுத்து நீட்டுவாரு.

நான் சொல்றது இதுதான். புரொபசர் கிட்ட எந்த பேப்பர், எந்த செமஸ்டர்னு லெட்டர்ஹெட்ல ஒரு துண்டு எழுதி வாங்கி வச்சுக்கோங்க, பக்கத்துக்கு மத்த ஜெராக்ஸுக்கு வாங்கற ரேட்டே வாங்குங்க. முழு புக்க கலர் அட்டை போட்டு ஷெல்ஃப்ல அடுக்கி விக்காதீங்க, அது ஜெராக்ஸ் இல்ல, திருட்டு பதிப்பு. 63ஆம் பிரிவுல ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000த்துல இருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், அது ஜாமீன்ல வர முடியாத குற்றம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

ஸ்கூல் ஆண்டு விழாவுல பசங்க சினிமா பாட்டுக்கு ஆடினாங்க. மறுநாள் ஒருத்தர் போன் பண்ணி பாட்டுக்கு லைசென்ஸ் காசு கட்டணும்னு சொல்றாரு. எங்க ஹெச்எம் மேடம் பயந்துட்டாங்க.

உங்க ஹெச்எம் மேடம பயப்படாம 52(1)(ஜே)ய பிரிண்ட் எடுத்து டேபிள்ல வச்சுக்க சொல்லுங்க. பள்ளிக்கூட நிகழ்ச்சில பாட்டு ரெக்கார்டு போடலாம், படம் கூட போடலாம். ஒரே கண்டிஷன், பாக்கறவங்க பசங்க, ஸ்டாஃப், பெத்தவங்க அப்புறம் ஸ்கூலோட சம்பந்தப்பட்டவங்களா மட்டும் இருக்கணும். ஊரையே கூப்பிட்டு மைதானத்துல பந்தல் போட்டு டிக்கெட் வச்சு நடத்தினீங்கன்னா அந்த பிரிவு துணைக்கு வராது. அப்புறம் இந்த காலத்து தலைவலி, விழாவ யூடியூப்ல லைவ் விடறது. உள்ள ஆடினது சரி, லைவ் விட்ட நிமிஷமே பாக்கறது உலகம். அதுக்கு இந்த பிரிவு கிடையாது. லைவ் விட்டீங்களா இல்லையான்னு நீங்க எழுதல, விட்டிருந்தா போன் பண்ணவரு சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு.

ஓடிடில இருக்கற டாக்குமெண்டரிய என் சொந்த அக்கவுண்ட்ல இருந்து கிளாஸ்ல புரொஜெக்டர்ல போடலாமா?

காப்பிரைட் சட்டப்படி மேல சொன்ன அதே பதில்தான், போடலாம். ஆனா நீங்க அந்த கம்பெனிக்கு ஐ அக்ரீன்னு டிக் அடிச்சிருக்கீங்க இல்ல, அதுல சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு இருக்கும், அது ஒப்பந்தம், வேற விஷயம். நெட்ஃபிளிக்ஸ் அவங்க சொந்த டாக்குமெண்டரி சிலத மட்டும் கல்விக்காக ஒரு தடவ திரையிட அனுமதிக்குது, அந்த படத்தோட பக்கத்துலயே அப்படி எழுதி இருக்கும், பாத்துக்கோங்க.

பேரு போட்டு நன்றின்னு சொல்லிட்டா போதும் தானே அண்ணா?

போதாது தம்பி. பேரு போடறது மரியாதை, அனுமதி இல்ல.

நான் யூடியூப்ல வரலாறு நடத்தறேன். படத்துல இருந்து 20 செகண்டு சீன் போட்டு விளக்குவேன். கீழ செக்‌ஷன் 107 ஃபேர் யூஸ்னு டிஸ்க்ளைமர் போட்டும் யூடியூப்ல இருந்து காப்பிரைட் கிளெய்ம் வருது. ஏன்?

அட சாமி, அந்த 107 அமெரிக்காவோட 1976ஆம் வருஷத்து சட்டம்ங்க! நம்ம தமிழ் சேனல்ல பாதி பேரு அதை ஒருத்தர பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சு ஒட்டி வச்சிருக்காங்க, காப்பிரைட் டிஸ்க்ளைமரையே காப்பி அடிக்கற ஊரு நம்ம ஊரு. அமெரிக்காவுல நாலு அம்சம் பாப்பாங்க, எதுக்கு எடுத்த, எந்த மாதிரி படைப்பு, எவ்வளவு எடுத்த, அவங்க வியாபாரம் கெட்டுச்சா. நம்ம சட்டத்துல இருக்கறது ஃபேர் டீலிங், 52(1)(ஏ). சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்பு செய்தி, அவ்வளவுதான் பட்டியல். படிப்புங்கறது அந்த பட்டியல்ல இல்ல, அதுக்கு நான் மேல சொன்ன ஐயும் ஜேயும் தனியா இருக்கு, ரெண்டும் வகுப்பறைய மனசுல வச்சு எழுதினது, லட்சம் பேரு பாத்து விளம்பர காசு வர்ற சேனலுக்கு அத இழுத்து போத்தினா காலு வெளிய தெரியும். செகண்டு கணக்கும் எங்கயும் கிடையாது.

ஆனா நீங்க அந்த சீன்ல வரலாறு எப்படி தப்பா காட்டிருக்காங்கன்னு பிரிச்சு பேசறீங்கன்னா அது விமர்சனம், உங்க பக்கம் வலுவா இருக்கு. பேக்ரவுண்டுல சும்மா ஓட விட்டீங்கன்னா இல்ல. கிளெய்ம் போடறது மிஷின், அதுக்கு 52ஆம் பிரிவு தெரியாது, நீங்க டிஸ்ப்யூட் போடுங்க, அவங்க பதில் சொல்ல 30 நாள் இருக்கு.

டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர் வச்சிருக்கோம். சமச்சீர் புக்கு பிடிஎஃப் அரசாங்கமே ஃப்ரீயா தானே குடுக்குது, அத தொகுத்து மெட்டீரியலா 600 ரூபாய்க்கு விக்கலாமா?

ஃப்ரீயா டவுன்லோட் பண்றதுக்கும் விக்கறதுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்குங்க. புக்கோட உரிமை அரசு தரப்புகிட்டதான். தகவலுக்கு காப்பிரைட் கிடையாது, வேலூர் புரட்சி 1806ங்கறத யாரு வேணா எழுதலாம், ஆனா அந்த பாராவ அப்படியே தூக்கி போட்டு காசு வாங்கக்கூடாது. சொந்தமா எழுதுங்க. சொந்தமா விடை எழுதி கைடு போடறது வேற, 2008ல ஒரு கணக்கு கைடுக்கு தடை கேட்டு ஆக்ஸ்போர்டு டெல்லி ஹைகோர்ட்டுக்கு போனப்ப தடை கிடைக்கல, ஏன்னா கைடு போட்டவங்க விடைய படிப்படியா விளக்கி இருந்தாங்க. பழைய கொஸ்டின் பேப்பருக்கும் உரிமை உண்டு, 1916லயே லண்டன்ல தீர்ப்பு வந்தாச்சு.

பாரதியார் பாட்டு, கல்கி கதை இதெல்லாம் நாட்டுடைமை தானே, தாராளமா போடலாம்ல?

வரிகள தாராளமா போடுங்க. பாரதி உரிமைய 1949லயே ஓமந்தூரார் காலத்துல அரசாங்கம் வாங்கிடுச்சு, கல்கி 1999ல நாட்டுடைமை ஆனாரு. மத்தவங்களுக்கு எழுத்தாளர் இறந்து 60 வருஷம். ஆனா கல்கி கதைக்கு வரைஞ்ச ஓவியம் ஓவியரோடது, பாரதி வரிக்கு போட்ட மெட்டும் ரெக்கார்டும் தனித்தனி ஆளோடது. பசங்களே பாடினா வம்பே இல்ல.

நான் ஆறு வருஷம் எழுதின நோட்ஸ், ஸ்கூல விட்டு வந்ததும் என் பேர எடுத்துட்டு அவங்க பேர்ல அடிச்சு பசங்களுக்கு விக்கறாங்க. கேக்க முடியுமா?

வயித்தெரிச்சல் புரியுதுங்க. ஆனா 17(சி) படி சம்பளத்துக்கு வேலை பாக்கறப்ப அந்த வேலைக்காக எழுதினது முதலாளிக்கு சொந்தம், வேற ஒப்பந்தம் இல்லன்னா. ஆனா எழுதினது நான்னு சொல்லிக்கற உரிமை 57ஆம் பிரிவுல உங்களுக்கு இருக்கு, உரிமைய வித்தா கூட அது போகாது. வேலைக்கு சம்பந்தமில்லாம வீட்ல உக்காந்து எழுதினதா இருந்தா உங்க கை இன்னும் ஓங்கும். தேதி போட்ட கையெழுத்து பிரதி இருக்கா? அத தூக்கி போட்றாதீங்க.

என் கிளாஸ பசங்க போன்ல ரெக்கார்டு பண்ணி டெலகிராம்ல போட்டுட்டாங்க.

சட்டத்துல பாட்டு பாடறவரு, நடிக்கறவரு மாதிரியே லெக்சர் குடுக்கறவரும் பெர்ஃபார்மர்தான், எழுதியே வச்சிருக்கு! சொந்தமா கேட்டு படிக்க பையன் ரெக்கார்டு பண்ணிக்கலாம், ஊருக்கு விடறதுக்கு உங்கள கேக்கணும். முதல்ல பையன கூப்பிட்டு பேசுங்க, 95 சதவீதம் அங்கயே முடியும் (இது என் அனுபவ கணக்கு, சட்டத்துல தேடாதீங்க).

பார்வை இல்லாத மாணவி ஒருத்தி எம்ஏ தமிழ் படிக்கறா. புக்க எல்லாம் முழுசா ஸ்கேன் பண்ணி டெக்ஸ்டா மாத்தி குடுக்கணும். முழு புக்குங்கறதால தயக்கமா இருக்கு.

தயங்கவே வேண்டாம்மா. 2012ல சட்டத்த திருத்தினப்ப 52(1)(இசட்பி) சேர்த்தாங்க, மாற்றுத்திறனாளி படிக்கற வடிவத்துக்கு எந்த படைப்பையும் முழுசா மாத்தலாம், யாரு வேணா செய்யலாம், பப்ளிஷர் கிட்ட கேக்க வேண்டாம். இதுக்குன்னே மராக்கேஷ் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 2014ல உலகத்துலயே அத முதல்ல ஏத்துக்கிட்ட நாடு இந்தியாதான். ஆனா அந்த ஃபைல மத்த பசங்க குரூப்ல சுத்த விடாதீங்க. ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி சுகம்ய புஸ்தகாலயா ஆன்லைன் லைப்ரரில ஒரு தடவ தேடிடுங்க, யாராவது ஏற்கனவே மாத்தி வச்சிருந்தா உங்களுக்கு ரெண்டு ராத்திரி மிச்சம். இல்லன்னா 300 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க, கம்மியா வச்சா ஸ்கேன் படத்த எழுத்தா மாத்தற ஓசிஆர் சாஃப்ட்வேர் ணகரத்தையும் னகரத்தையும் மாத்தி மாத்தி போட்டு அந்த புள்ளய குழப்பி விட்ரும்.