காசு கொடுத்தவர் கேட்காத கேள்வி

சென்ற இதழில், திருகோணமலை நகரிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதத்தைப் பெயரின்றி வெளியிட்டிருந்தோம். கணவர் விட்டுச் சென்றபின் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பாலியல் தொழிலுக்கு வந்த அவர், “எங்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, எங்களிடம் வருகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர் யார்? வருகிறவர்கள் பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், பிள்ளைகள் எத்தனை என்றுகூடக் கேட்பார்கள். உனக்கு இது விருப்பமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்” என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை அவருக்கு அறிவுரை கூறுபவையாக இருந்தன. அவர் அறிவுரை கேட்கவில்லை என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டு, அவர் கேட்ட விடயத்தைத் தொட்ட ஐந்து கடிதங்களுக்கு மாத்திரம் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு முப்பத்திரண்டு வயது, இன்னும் திருமணம் ஆகவில்லை. சீனன்குடாப் பக்கம் வேலை செய்கிறேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு நிலாவெளியில் ரூம் போடும்போது இந்தப் பழக்கமும் உண்டு. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்ட காசைக் கொடுக்கிறோம். ஆணுக்கு இது உடம்பின் தேவை, செய்யாத ஆண் இல்லை. அந்தப் பெண்ணின் கடிதத்தைப் படித்தபின் ஏனோ மனம் உறுத்துகிறது. நான் உறுத்தப்பட வேண்டியவனா?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான்கு நியாயங்கள் இருக்கின்றன. கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் மிக எளிதாக உடைவது. செய்யாத ஆண் இல்லை என்கிறீர்கள். பிரித்தானியாவில் 2010 முதல் 2012 வரை நடத்தப்பட்ட தேசிய பாலியல் நடத்தைக் கணக்கெடுப்பில், 16 வயதிலிருந்து 74 வயது வரையான ஆண்களுள், வாழ்நாளில் ஒரு முறையேனும் காசு கொடுத்து உறவுகொண்டதாகச் சொன்னவர்கள் சுமார் 11 சதவீதத்தினர். அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் அப்படிச் செய்தவர்கள் 4 சதவீதத்தையும் எட்டவில்லை. அந்த நாட்டுக் கணக்கை நம் ஊருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் பத்தில் ஒன்பது பேர் செய்யாத ஒன்றை உடம்பின் தேவை என்று சொல்லுவதற்கு ஒரு துணிவு வேண்டும். நீங்கள் “எல்லா ஆண்களும்” என்னும்போது உங்கள் மனதில் நிற்பவர்கள் அந்த ரூமில் உங்களோடு இருக்கிற நாலைந்து பேர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த நாலைந்து பேரிலும், மற்றவர்கள் கேலி செய்வார்களே என்ற பயத்தினால் மட்டும் வருகிற ஒருவர் இருக்கலாம். அவர் நீங்களாகவும் இருக்கலாம்.

இனி, கட்டாயப்படுத்தவில்லை என்பது. நீங்கள் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நம்புகிறேன். வேறொருவர் கட்டாயப்படுத்தினாரா, கடன் கட்டாயப்படுத்தியதா, பிள்ளையின் மருந்துச் சீட்டு கட்டாயப்படுத்தியதா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? 2009 ஆம் ஆண்டில் இலண்டனில், காசு கொடுத்துப் பெண்களிடம் செல்லும் 103 ஆண்களை நேர்கண்டு ஓர் ஆய்வு வெளியானது. இத்தொழிலில் இருக்கும் பெண்களுள் பெரும்பாலானோர் ஆசை காட்டியோ, ஏமாற்றியோ, கடத்தியோ கொண்டுவரப்பட்டவர்கள் என்று அந்த ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோரே நம்பினார்கள். நம்பிக்கொண்டே போனார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் என்னைத் திடுக்கிடச் செய்த இடம். காசு கொடுத்துவிட்டால் அவளிடம் எதை வேண்டுமானாலும் செய்ய உரிமை உண்டு என்று சொன்னவர்கள் கால்வாசிப் பேருக்கு மேல். அந்த ஆய்வை நடத்தியவர்கள் இத்தொழிலையே எதிர்ப்பவர்கள். பேட்டி கொடுத்தவர்கள் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தாமாக வந்தவர்கள். ஆகவே அதை உலகத்து ஆண்கள் அனைவருக்குமான அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் இதற்காகக் கைதான ஆண்களிடையே நடந்த ஆய்வுகள், அவர்கள் தனிப்பட்ட ஒரு கொடியவர் கூட்டம் அல்லர், வேலைக்குப் போகிற, பலர் மணமுடித்த, பெரும்பாலும் மற்ற ஆண்களைப் போன்றவர்களே என்று காட்டின. பெண்களோடு பழகக் கூச்சம் என்றவர்கள் இருந்தார்கள். பொறுப்பில்லாத உறவு வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள்.

ஆகவே நீங்கள் கெட்டவரா என்று நான் ஆராயப் போவதில்லை. காசு கொடுப்பதனால் ஓர் ஆண் வாங்குவது என்ன என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். உறவை என்று சொல்வீர்கள். கேட்காமல் இருப்பதற்கான அனுமதியையும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்பேன். காதலியிடம், மனைவியிடம், அவளுக்கு இன்று மனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மேசையில் காசை வைத்தபின் அந்த வேலை இல்லை என்று நினைக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுவாகவே இருக்கும்.

நம் மொழியும் இதற்கு உடந்தை. பெண்ணுக்குக் கணிகை, பரத்தை, வேசி, விலைமகள் என்று எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம்! ஆணுக்கு இன்று நாம் சொல்வது “வாடிக்கையாளர்” என்ற ஒன்றைத்தான். பலசரக்குக் கடைக்குப் போகிறவருக்கும் அதே சொல்.

கேள்வி: நான் ஐம்பது வயதைத் தாண்டியவன், மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே பெண்ணிடம் ஒரு வருடமாகப் போய் வருகிறேன். அவர் என்னோடு சிரித்துப் பேசுகிறார், சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறார். அவருக்கும் என்மேல் அன்பு இருக்கிறது என்றே நம்புகிறேன். ஊர் சிரிக்கும் என்று தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– உவர்மலை வாசகர்

பதில்: ஐயா, நான் சிரிக்கவில்லை. தனிமையில் இருப்பவருக்கு உடம்பைவிடப் பேச்சுத்துணை பெரிது என்பதை உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் கண்டேன். அவர் காட்டும் கனிவு பொய் என்று சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை. மரியாதையாக நடந்துகொள்ளும் ஒருவர் வரும்போது அந்தப் பெண்களுக்கு ஏற்படும் ஆறுதல் உண்மையானது. ஆனால் சிரித்த முகம் அந்த வேலையின் ஒரு பகுதி என்பதையும், முகம் சுளித்தால் அடுத்த வாரம் உலை வைப்பது எப்படி என்று யோசிக்க வேண்டியவர் அவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வங்கியில் புன்னகைக்கும் பிள்ளை வீட்டுக்குப் போனபின் நம்மை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நமக்குத் தெரிகிறது. இங்கே மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

உண்மையை அறிய விரும்பினால், ரூமுக்கு வெளியே, பகலில், காசு எதுவும் கைமாறாத ஒரு வேளையில், தேநீர் குடிக்க வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். வராவிட்டாலும் கோபம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். அவர் வீட்டைத் தேடிப் போவது, பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கிக்கொண்டு படலையில் நிற்பது எல்லாம் அன்பு அல்ல, தொந்தரவு.

கேள்வி: இந்தத் தொழில் இல்லாவிட்டால் நல்ல குடும்பத்துப் பெண்கள் வெளியே நடமாட முடியாது என்று என் நண்பர் வாதிடுகிறார். சட்டபூர்வமாக்கினால் என்ன?
– கல்லூரி மாணவர், கிண்ணியா

பதில்: உங்கள் நண்பரின் வாதத்தை அப்படியே பிரித்துப் பார்த்தால், ஆண்கள் அடக்க முடியாத விலங்குகள் என்பதும், அவர்களுக்கு எறிவதற்காகச் சில பெண்களை ஒதுக்கிவைக்கலாம் என்பதும் மிஞ்சும். முதலாவது அவருக்கே அவமானம்.

சட்டம் வேறு விடயம். நம் நாட்டில் இன்றும் கையாளப்படுவது 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1889 ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும். இரண்டும் ஆங்கிலேயர் விட்டுச் சென்றவை. இங்கிலாந்தில் 1864 இல் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம், படைமுகாம்களும் துறைமுகங்களும் இருந்த ஊர்களில் பெண்களைப் பிடித்துக் கட்டாய மருத்துவப் பரிசோதனை செய்தது. மாலுமிகளையும் சிப்பாய்களையும் தொடவில்லை. 1886 இல் அது நீக்கப்பட்டாலும் அந்தப் பார்வை நீங்கவில்லை. கடற்படைத் துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த நம் ஊருக்கு அது அந்நியமான கதை அல்ல. சுவீடன் 1999 முதல், விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைக் குற்றவாளியாக்கியது. பிரான்ஸ் 2016 இல் அவ்வழி சென்றது. நியூசிலாந்து 2003 இல் அத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து விடுவித்து, தொழிலாளர் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. எது நல்லது என்று அத்தொழிலில் இருக்கும் பெண்களே ஒருமித்துச் சொல்வதில்லை. பெண்களை மாத்திரம் நீதிமன்றத்துக்கு ஏற்றும் நடைமுறை மோசமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: அக்கா, கணவரின் தொலைபேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்று வருடமாம். என்னிடம் என்ன குறை என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். அவர் நேரே பேசாமல் மாமியை அனுப்பி, ஆம்பிளை என்றால் அப்படித்தான், பெரிதாக்காதே என்று சொல்ல வைக்கிறார். எனக்கு நோய் ஏதும் வந்திருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.
– இரு பிள்ளைகளின் தாய், மூதூர்

பதில்: தங்கச்சி, முதலில் உடம்பு. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பாலியல் நோய்களுக்கான தனிச் சிகிச்சை நிலையம் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் விபரம் வெளியே போகாது. எச்.ஐ.வி., கிரந்தி (சிபிலிஸ்) உட்பட எல்லாவற்றுக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கடைசியாக உறவுகொண்டு சில நாள்களே ஆகியிருந்தால், இப்போது நோய் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். கிரந்தியை மருந்தால் குணமாக்கலாம், எச்.ஐ.வி. இருந்தாலும் ஒழுங்காக மருந்து எடுப்பவர் நெடுங்காலம் வாழலாம். கணவரும் பரிசோதனை செய்து முடிவைக் காட்டும்வரை ஆணுறை இல்லாமல் இணங்க வேண்டாம். மறுப்பது உங்கள் உரிமை.

அடுத்தது, உங்கள் குறை. நல்ல மனைவி இருக்கும்போதும் போகிறவர்கள் ஏராளம்; நான் முன்னே எழுதியபடி, அவர்கள் தேடுவது மனைவியிடம் இல்லாத ஏதோ ஒன்றை அல்ல, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஓர் இடத்தை. இதில் நீங்கள் உங்களைத் திருத்திக்கொண்டு அவரைத் தடுத்திருக்க முடியாது.

மாமியைத் தூது அனுப்பியது எனக்குச் சிரிப்பையும் கோபத்தையும் ஒன்றாக வரவழைத்தது. சங்கப் பாடல்களின் மருதத்திணையில், பரத்தையிடம் போய் வந்த தலைவன் வாயிலில் நின்றுகொண்டு பாணனை உள்ளே அனுப்புவான். தலைவி ஊடுவாள், கதவு அடைப்பாள், கடைசியில் திறந்துவிடுவாள். புலவர்கள் அதை அழகாகப் பாடிவைத்தார்கள். நீங்கள் திறந்தே ஆக வேண்டும் என்று எந்த இலக்கணமும் இல்லை. “பேச வேண்டியவர் அவர், மாமி, நீங்கள் இதில் வர வேண்டாம்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர் நேரே வந்து பேசும் நாளில், எத்தனை முறை, யாரிடம் என்று விசாரிப்பதைவிட, பரிசோதனைக்கு எப்போது போகிறார், பிள்ளைகளின் பணத்தில் எவ்வளவு போனது என்ற இரண்டையும் கேளுங்கள். அடி, மிரட்டல் என்று ஏதும் தொடங்கினால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

கேள்வி: நான் உப்புவெளியில் ஓட்டோ ஓடுகிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களில் சிலர் ஏறியதுமே, “அண்ணை, எங்கேயாவது ஏற்பாடு உண்டா?” என்று கேட்கிறார்கள். சில ஓட்டோக்காரர் கொமிஷன் எடுக்கிறார்கள். நான் மறுத்தால், நீ என்ன சாமியாரா என்கிறார்கள். போன மாதம் ஒருவர் “சின்னப் பிள்ளையாக” வேண்டும் என்றார். இறக்கிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: தம்பி, இறக்கிவிட்டீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. சாமியாரா என்று கேட்பவர்களுக்கு, “கூலி ஓடுகிறேன், கூட்டிக்கொடுக்கவில்லை” என்ற பதில் போதும். 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவரைப் பாலியல் தொழிலுக்காக ஏற்பாடு செய்து கொடுப்பது, அவர் சம்மதித்திருந்தாலும், தண்டனைச் சட்டக்கோவையின் கீழ்க் குற்றம். கொமிஷன் எடுக்கும் உங்கள் நண்பர்கள் நிற்பது அந்தக் கோட்டின்மேல். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கடுமையான குற்றம். “பதினாறு முடிந்துவிட்டது” என்று சிலர் சொல்லும் சமாதானம் காசு கொடுத்து ஒரு பிள்ளையைப் பயன்படுத்துவதற்குச் செல்லாது.

அடுத்த முறை அப்படி ஒருவர் கேட்டால் வாக்குவாதம் செய்யாதீர்கள். அவர் எந்த விடுதியிலிருந்து ஏறினார், எங்கே இறங்கினார், என்ன நேரம், வேறு வாகனத்தில் ஏறினால் அதன் இலக்கம் என்ன என்பவற்றைக் குறித்துக்கொண்டு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை உடனே அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். போன மாதம் வந்தவரைப் பற்றி இப்போதும் சொல்லலாம். அவர் தங்கியிருந்த விடுதி உங்களுக்கு நினைவிருக்கும்.