கனடாவில் ஒருவரை ‘ஆபத்தான குற்றவாளி’ என்று நீதிமன்றம் எப்படி அறிவிக்கிறது?

மீண்டும் மீண்டும் வன்குற்றம் புரிபவரைக் கனடிய நீதிமன்றங்கள் எந்த அடிப்படையில் ‘ஆபத்தான குற்றவாளி’ என வகைப்படுத்துகின்றன, அப்படி அறிவிக்கப்பட்டவர் சாகும்வரை சிறையில்தானா, இது தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தைப் போன்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எதிரித் தரப்புக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, வாதாடும் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் இத்தகைய வழக்குக் கோப்புகளோடு பழகிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்புக் காவலுக்கானது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ பிறப்பிக்கும் ஆணையின் பேரில், குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லாமலே, ஒருவரை அதிகபட்சம் 12 மாதங்கள் அடைத்து வைக்கலாம். கனடாவிலோ குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, தண்டனை விதிக்கும் கட்டத்தில்தான் இந்தப் பேச்சே எழும். தீர்மானிப்பவர் நீதிபதி. ஆனால் முடிவு 12 மாதங்களைவிடப் பல மடங்கு கனமானது.

குற்றவியல் சட்டக்கோவையின் 24ஆம் பகுதியில் இதற்கான விதிகள் உள்ளன. எல்லாக் குற்றங்களுக்கும் இவை பொருந்தா. வன்முறையை உள்ளடக்கிய அல்லது பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கிற, 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமாக இருக்க வேண்டும். அல்லது பாலியல் வன்தாக்குதலாக இருக்க வேண்டும். கொலைக்கு எப்படியும் ஆயுள் தண்டனை என்பதால் அது இதில் சேராது. பத்து முறை கடையில் திருடியவர் எவ்வளவு தொல்லை தருபவராயினும் இந்த வாசலுக்குள் வரமாட்டார். இந்த எல்லை எளிதில் வந்ததன்று. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கென 1947இல் கொண்டுவரப்பட்ட வழக்கக் குற்றவாளிச் சட்டத்தின் கீழ், சமூகத்துக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லாத திருடர்கள் பலர் காலவரையறையின்றி அடைக்கப்பட்டிருந்தார்கள். இதை ஆராய்ந்த உய்மே என்ற அரசுக் குழு 1969இல் வெளியிட்ட அறிக்கை அதைச் சுட்டிக்காட்டியது. 1977இல் அச்சட்டம் நீக்கப்பட்டு இன்றைய ஏற்பாட்டின் முதல் வடிவம் வந்தது.

நடைமுறை இவ்வாறு நகரும். அரச வழக்குத்தொடுநர் விண்ணப்பித்தால், குற்றவாளியை 60 நாட்கள் வரை ஒரு நிபுணரின் மதிப்பீட்டுக்கு உட்படுத்த நீதிமன்றம் ஆணையிடலாம். அறிக்கை வந்த பின்னர், மாகாணச் சட்டமா அதிபரின் (அட்டர்னி ஜெனரல்) ஒப்புதலோடு, ஆபத்தான குற்றவாளி என அறிவிக்கக் கோரும் முதன்மை விண்ணப்பம் தாக்கலாகும். ஜூரி கிடையாது; நீதிபதி தனியே விசாரிப்பார். குற்றவாளி நிபுணரிடம் பேச மறுக்கலாம். அப்போது அந்த நிபுணர் பழைய பொலிஸ் சுருக்கங்கள், சிறைக் கோப்புகள், பள்ளிப் பதிவுகள் ஆகியவற்றை வைத்தே தம் கருத்தை எழுதுவார். இளமையை வேறொரு நாட்டில் கழித்து இங்கு வந்தவர்களுக்கு அத்தகைய பதிவுகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதையும், அதனால் அறிக்கையில் அவர்களின் குற்றங்கள் மட்டுமே விரிவாகவும் அவர்களின் வாழ்க்கை ஓரிரு வரியாகவும் நின்றுவிடுவதையும் நான் கவலையோடு குறிப்பிட வேண்டும்.

அறிக்கையின் மையத்தில் இருப்பவை இடர் மதிப்பீட்டுக் கருவிகள், அதாவது ஒருவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பை மதிப்பெண்ணாகக் கணிக்க உதவும் பட்டியல்கள். உளவியலாளர் ரொபர்ட் ஹெயர் வகுத்த, இரக்கமும் குற்றவுணர்வும் அற்ற தன்மையை அளக்கும் உளப்பிறழ்வுப் பட்டியலில் 20 அம்சங்கள் உண்டு. உச்ச மதிப்பெண் 40. பாலியல் குற்றங்களுக்குப் பயன்படும் ஸ்டாட்டிக்-99 பத்து அம்சங்களைப் பார்க்கிறது: வயது, முன்னைய தண்டனைகள், பாதிக்கப்பட்டவர் அறிமுகமற்றவரா, துணையோடு இரண்டு ஆண்டுகளேனும் சேர்ந்து வாழ்ந்தாரா என்பன போன்றவை. இவற்றில் பெரும்பாலானவை நடந்து முடிந்தவை. ஒருவர் சிறையில் எத்தனை ஆண்டுகள் சிகிச்சை பெற்றாலும், வயது கூடுவதைத் தவிர அந்த எண்ணை மாற்ற அவரால் முடியாது. மேலும், இத்தகைய மதிப்பெண் பெற்ற நூறு பேரில் ஏறத்தாழ எத்தனை பேர் மீண்டும் குற்றம் செய்தார்கள் என்பதைத்தான் கருவி சொல்கிறது. கூண்டில் நிற்கும் இந்த மனிதர் எந்தப் பக்கம் என்பதை அது சொல்வதில்லை. நல்ல நிபுணர்கள் இதை அறிக்கையிலேயே எழுதிவிடுகிறார்கள். அவர்கள் எழுதாதபோது குறுக்கு விசாரணையில் அதை வெளிக்கொணர்வது சட்டத்தரணியின் கடமை.

கருவிகளைப் பற்றிய மிகக் கடுமையான கேள்வி 2018இல் யூவெர்ட் வழக்கில் எழுந்தது. வழக்காளர் கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான மெட்டி இனத்தவர். ஆபத்தான குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவர் அல்லர், ஆயுள் தண்டனைக் கைதி. பூர்வகுடிகளின் விடயத்தில் இந்தக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று உறுதிப்படுத்த, சிறைகளை நடத்தும் கூட்டரசின் திருத்தச் சேவைத் துறை போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான குற்றவாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பூர்வகுடியினர். நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் இருபதில் ஒருவர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, கருவி சொல்லிவிட்டது என்று அமைதியடைய என்னால் முடியவில்லை.

சட்டத்தின் அடிப்படை 1987இல் லையன்ஸ் வழக்கில் கனடாவின் உரிமைகள் சாசனத்துக்கு முரணற்றது என ஏற்கப்பட்டது. என் பார்வையில் மிக முக்கியமான தீர்ப்பு 2017இல் வந்த பூட்டிலியே வழக்கு. அவர் போலித் துப்பாக்கியைக் காட்டி மருந்தகத்தைக் கொள்ளையடித்தவர். நீண்டகாலப் போதைப் பழக்கம் உடையவர். ஒருவரை ஆபத்தானவர் என அறிவிக்க, கடந்தகால வன்முறையில் ஒரு போக்கு இருப்பது போதாது. மீண்டும் தீங்கு செய்யும் வாய்ப்பு அதிகம் என்பதும், தம் வன்முறையை அவரால் வெல்ல முடியாது என்பதும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட வேண்டும் என்றும், எனவே சிகிச்சை பலன் தருமா என்ற கேள்வியை அறிவிப்புக் கட்டத்திலேயே ஆராய வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. அவருடைய மேன்முறையீடு தோற்றது. விதி மட்டும் தெளிவடைந்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தமோ, குறிப்பிட்ட பாரதூரமான குற்றங்களில் ஏற்கெனவே இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர் மூன்றாம் முறை அதேபோல் அகப்பட்டால், ஆபத்தானவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையை அவர்மீதே ஏற்றியது. இதை நான் ஏற்கவில்லை. எண்ணிக்கை விசாரணையைத் தொடங்கிவைக்கலாம். சான்றின் இடத்தை அது பிடிக்கக் கூடாது.

அறிவிப்புக்குப் பின் மூன்று வழிகள் உண்டு: காலவரையறையற்ற சிறை, குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறையும் அதன்பின் 10 ஆண்டுகள் வரை சமூகத்தில் நீண்டகால மேற்பார்வையும், அல்லது வழக்கமான தண்டனை. பின்னிரண்டில் ஒன்று பொதுமக்களைப் போதிய அளவு காக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கச் சான்று இல்லையென்றால், நீதிபதி முதலாவதையே விதிக்க வேண்டும். ஆபத்து அந்த அளவுக்கு இல்லாமல், காலப்போக்கில் கட்டுக்குள் வரும் வாய்ப்பு உடையவரை ‘நீண்டகாலக் குற்றவாளி’ என்ற தனி வகையில் சேர்க்கலாம். 1997இல் வந்த வகை அது.

சாகும்வரை சிறையா என்றால், சட்டப்படி இல்லை. காவலில் எடுக்கப்பட்ட நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் கழித்தும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், நிபந்தனையோடு விடுவிப்பதை முடிவு செய்யும் பரோல் சபை பரிசீலிக்க வேண்டும். வெளியே வந்தாலும் மேற்பார்வை ஆயுள் முழுவதும் தொடரும். அந்தப் பரிசீலனை வெறும் சடங்காக இல்லாமல் நடக்கிறதா என்பதில்தான் முழு ஏற்பாட்டின் நியாயமும் தங்கியிருக்கிறது. 1953இல், பாலியல் குற்றவாளிகளுக்கென அன்று தனியே இருந்த சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்ட ஸ்டீல் என்பவர் 37 ஆண்டுகள் உள்ளேயே இருந்தார். அது கொடூரமான தண்டனையாக மாறிவிட்டது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் அவரது விடுதலையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்டவர்களின் அச்சம் உண்மையானது, அவர்களுக்குக் காப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. செய்த குற்றத்துக்கு உரிய காலத்தையும் தாண்டி, செய்யக்கூடியதற்காக ஒருவரை அரசு அடைத்து வைக்குமானால், அவர் மாறுவதற்கான சிகிச்சையை உள்ளே உண்மையாகவே வழங்குவதும் அரசின் கடன் என்றே சொல்கிறேன்.

உங்கள் குடும்பத்தவர் யாரேனும் கனடாவில் இந்த நிலையில் இருந்தால், மதிப்பீட்டு ஆணை கேட்கப்படும் நாளிலேயே இத்துறையில் அனுபவமுள்ள சட்டத்தரணியை அணுகுங்கள். நிபுணரிடம் பேசலாமா என்பதை அவரிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள். சொந்தத் தரப்பு உளமருத்துவரின் அறிக்கைக்கு முயலுங்கள். திருந்துவார் என்ற பொது உறுதிமொழியால் பயனில்லை: எந்தச் சிகிச்சை, எங்கே, எவ்வளவு காலம், யார் மேற்பார்வையில் என்று எழுத்தில் காட்டக்கூடிய திட்டத்தைத்தான் நீதிபதி எடைபோடுவார்.