பிடித்த ஆட்டக்காரர் மீது வழக்கு: மாமாக் கடையில் வாசிக்கப்படும் தீர்ப்புகள்

கேள்வி: எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவர் மைதானத்துக்கு வெளியே நடந்த ஏதோ ஒன்றில் போலீஸ் விசாரணையில் இருக்கிறார். ரசிகர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை நாம் இதைப் பற்றிப் பேசவே கூடாதா?

பேசலாம். பேசாதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கோலாலம்பூரின் செந்தூலில், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை ஒன்றில் வாரக் கடைசி இரவுகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பல ஆண்டுகளாகக் கூடுகிறோம். இரவு பன்னிரண்டரைக்கு இங்கிலாந்துக் காற்பந்து ஆட்டம் தொடங்கும். இரண்டாவது தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) மேசைக்கு வருவதற்குள் எந்த நாட்டு ஆட்டக்காரனாவது ஒருவனுக்கு நாங்கள் சிறைத் தண்டனை கொடுத்து முடித்திருப்போம்.

அந்த மேசையில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு. இருபத்தாறு ஆண்டுகள் கோலாலம்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டி, "புரிகிறதா? ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கோருகிறீர்களா?" என்று எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ தெரியாது. இந்த வேலை பார்த்தவனுக்கு நாவடக்கம் தானாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் மேசையில் "தூக்கிவிட்டார்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். போலீஸ் நிலையத்துக்கு அழைத்து வாக்குமூலம் வாங்கினாலும் தூக்கிவிட்டார்கள்தான், தடுப்புக் காவலில் வைத்தாலும் தூக்கிவிட்டார்கள்தான், பத்தாண்டு சிறை விதித்தாலும் அதேதான். நீதிமன்றத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கடல் கிடக்கிறது. நம் மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி, ஒரு சம்பவத்தைப் பற்றி ஏதேனும் தெரிந்த யாரையும் அழைத்து வாக்குமூலம் பதிவு செய்யலாம். பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவரையும் அழைக்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும், அது 117ஆவது பிரிவு. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், அடுத்து 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு ஏழும் ஏழும். அந்த நாள்களில் விசாரணை அதிகாரிக்கே முழு விவரம் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளத்தானே நாள் கேட்கிறார்.

ஆனால் அதே நாள்களில்தான் அந்தப் படம் வெளியாகும். லோக்காப் (காவல் அறை) சட்டை, கை விலங்கு, குனிந்த தலை. போலீஸ் காவல் என்றால் ஊதா நிறம், ஊழல் தடுப்பு ஆணையம் என்றால் ஆரஞ்சு. அந்தச் சட்டையைப் போட்ட எத்தனையோ பேர் மீது பிறகு குற்றச்சாட்டே பதிவாகவில்லை. படம் மட்டும் அப்படியே இருக்கும். பத்து ஆண்டு கழித்தும் அந்தப் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான்.

எங்கள் மேசையில் நாங்கள் அதிகம் தடுமாறுவது டிஎன்ஏஏ (DNAA) என்ற நான்கு ஆங்கில எழுத்தில். குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தாயிற்று, ஆனால் அது விடுதலைக்கு நிகராகாது என்பது அதன் பொருள். அரசுத் தரப்பு விரும்பினால் அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டு வரலாம். பிடித்த ஆட்டக்காரருக்கு அது கிடைத்தால் "பார்த்தீர்களா, நிரபராதி" என்பார்கள். எதிரணி ஆட்டக்காரருக்குக் கிடைத்தால் "பணம் விளையாடிவிட்டது" என்பார்கள். உத்தரவு ஒன்றுதான், மாறுவது ஜெர்சி.

இங்கிலாந்து விஷயம் வேறு மாதிரி. 2021 ஜூலையில் எவர்ட்டன் காற்பந்துக் கழகம், போலீஸ் விசாரணை ஒன்றை முன்னிட்டு முதல் அணி ஆட்டக்காரர் ஒருவரை இடைநீக்கம் செய்வதாக அறிவித்தது. பெயர் சொல்லவில்லை. கைதானவர் 31 வயது ஆண் என்று மட்டும் போலீஸ் சொன்னது. அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் யாரும் தூங்கவில்லை. அணிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பிறந்த தேதிகளைக் கூட்டிக் கழித்தார்கள். அணி அமெரிக்காவுக்குப் போனபோது விமானத்தில் யார் ஏறவில்லை என்று படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த அணியில் 31 வயதில் ஒருவர் மட்டும் இல்லை. ஆக, சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரின் பெயரும் அன்று உலகம் சுற்றியது. 2023 ஏப்ரலில் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று போலீஸ் அறிவித்தது. எங்கள் குழுவில் அந்தச் செய்தியை நான்தான் போட்டேன். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை.

வயதைச் சொல்லிப் பெயரை மறைப்பது விடுகதை போடுவது மாதிரி. போட்டால் ஊர் விடை சொல்லத்தான் செய்யும். இந்தக் குற்றத்தை நான் ரசிகர்கள் தலையில் மட்டும் கட்ட மாட்டேன்.

அங்கே பெயரை மறைக்கக் காரணங்கள் இருக்கின்றன. குற்றச்சாட்டு பதிவாகும் முன், விசாரணையில் இருப்பவருக்குத் தன் பெயர் வெளிவராது என்று எதிர்பார்க்கும் உரிமை பொதுவாக உண்டு என அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. வழக்கு நடக்கும்போது பன்னிரண்டு ஜூரிகள் காதில் வெளிக்கதைகள் விழக்கூடாது என்ற கவலையும் உண்டு. நம் நாட்டில் ஜூரி முறை 1995 ஜனவரியிலேயே போய்விட்டது. இங்கே தீர்ப்புச் சொல்வது தனி நீதிபதி. நம் மாமாக் கடைப் பேச்சு அவர் மனத்தைக் கலைத்துவிடும் என்று நான் பயப்படவில்லை. பேச்சு போய்ச் சேரும் இடங்கள் வேறு: வீடு, பள்ளிக்கூடம், கோயில், அடுத்த ஒப்பந்தம்.

இங்கிலாந்து கிரிக்கெட் ஆட்டக்காரர் பென் ஸ்டோக்ஸ் விவகாரம் நினைவிருக்கும். 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு கேளிக்கை விடுதிக்கு வெளியே நடந்த அடிதடி. காணொலி இருந்ததால் எங்கள் மேசையில் விசாரணையே தேவைப்படவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "கண்ணால் பார்த்த பிறகு சாட்சி எதற்கு? இவனுடைய கிரிக்கெட் முடிந்தது" என்றார். ஆஸ்திரேலியாவுடனான அந்த ஆஷஸ் தொடரில் ஆடும் வாய்ப்பு ஸ்டோக்ஸுக்குப் போயிற்று. 2018 ஆகஸ்டில் ஜூரிகள் அவர் குற்றவாளி அல்ல என்று சொன்னார்கள். பிறகு கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் தனியாக 30,000 பவுண்ட் அபராதமும் 8 ஆட்டத் தடையும் விதித்தது. குற்ற வழக்கு வேறு, விளையாட்டு ஒழுங்கு வேறு என்பதை நான் எவ்வளவு விளக்கியும் தம்பி ஏற்கவில்லை. 2019 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்தபோது நமக்கு அதிகாலை இரண்டரை மணி. ஆட்டமிழக்காமல் 84 எடுத்து ஆட்ட நாயகன் ஆனார் ஸ்டோக்ஸ். கடையில் எழுந்து நின்று கைதட்டிய முதல் ஆள் வங்கித் தம்பிதான்.

இதே தம்பி 2014இல் எப்படி இருந்தார் தெரியுமா? அந்த ஆண்டு அக்டோபரில், நாட்டின் முன்னணி விளையாட்டாளர் ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியிருக்கிறார் என்று பெயரில்லாமல் செய்தி கசிந்தது. பினாங்கு புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கும் என் மைத்துனர் அன்றே தொலைபேசியில் அழைத்தார். "மாமா, நம் ஊர்ப் பையன் பெயரை இழுக்கிறார்கள். அவன் செய்திருக்க மாட்டான்." பூப்பந்து (பேட்மிண்டன்) ஆட்டக்காரர் லீ சோங் வெய்யின் பெயரை அவர் வாயால் சொல்லக்கூட இல்லை. பூப்பந்து உலகப் போட்டி நடந்த கோப்பன்ஹேகனில் எடுத்த மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. ஓஸ்லோவில் நடந்த இரண்டாவது சோதனையும் அதை உறுதி செய்தது. ஆனாலும் எங்கள் மேசையில் ஒருவர்கூட அவரைச் சந்தேகிக்கவில்லை. மாதிரியை மாற்றிவிட்டார்கள், சதி, பொறாமை என்று கதைகள் வளர்ந்தன. 2015 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் விசாரணை நடந்தது. அவர் சாப்பிட்ட கோர்டிசெப்ஸ் என்ற மூலிகை மருந்தின் காப்ஸ்யூல் உறையிலிருந்து அந்தப் பொருள் உடலில் சேர்ந்தது, ஏமாற்றும் நோக்கம் இல்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு என்று முடிவானது. முன்தேதியிட்ட 8 மாதத் தடை, பறிபோன வெள்ளிப் பதக்கம். எங்கள் ஆட்கள் சொன்னது பெரும்பாலும் பலித்தது, மகிழ்ச்சிதான். ஆனால் உறையைப் பற்றி எங்களுக்கு முன்கூட்டியே என்ன தெரியும்? ஸ்டோக்ஸைத் தூக்கிலிட்டதும் இவரை விடுவித்ததும் ஒரே நீதிமன்றம், ஒரே ஆதாரமின்மை.

மலேசியக் காற்பந்து ரசிகர்களில் வயதானவர்கள் 1994ஐ மறக்க மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆட்டத்தை விற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். அதற்கு முன்பே அரங்கத்தில் கோல்காவலர் ஒரு பந்தை நழுவவிட்டால் போதும், "ஜுவால்!" என்று கூட்டம் கத்தும். விற்றுவிட்டான் என்று பொருள். நானும் கத்தியிருக்கிறேன். பிறகு அரசாங்கம் 1933ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட வசிப்பிடச் சட்டத்தை எடுத்தது. நீதிமன்ற விசாரணை இல்லாமலேயே சிலரை ஊர் விட்டு ஊர் அனுப்பி, அங்கேயே இருக்கச் சொன்னது. அந்தச் சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. ஆனால் அன்று போனவர்களின் கதி? வழக்கு இல்லாததால் தீர்ப்பும் இல்லை. அவர்களில் யார் விற்றார், யார் சும்மா மாட்டினார் என்று இன்றுவரை டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் எங்கள் மேசையில் பட்டியல் வாசிக்கிறார். ஒவ்வொரு முறையும் பட்டியல் கொஞ்சம் மாறுகிறது.

ஊகத்திலேயே மிக மோசமானதை 2024 மே மாதம் கேட்டேன். சிலாங்கூர் காற்பந்து ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மீது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் திராவகம் வீசினார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஆசியக் கோப்பையில் தென் கொரியாவுக்கு எதிராக அவர் கோல் போட்டபோது நாங்கள் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தோம். அவர் மருத்துவமனையில் கிடந்தபோது அதே மேசையில், "சும்மாவா வீசுவார்கள்? பண விவகாரமாக இருக்கும், பெண் விவகாரமாக இருக்கும்" என்றார்கள். வீசியவன் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, வாங்கியவன் என்ன செய்தான் என்று கேட்டார்கள். அன்று நான் தே தாரேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

எழுந்து போனதற்குக் காரணம் நற்குணம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு வேலை செய்து வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் வளர்ந்த பையன், உள்ளூர்க் கழகம் ஒன்றில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் புலனக் குழுவில் ஒரு படம் வந்தது. நீதிமன்றத்தில் ஓர் அறைக்கு வெளியே, வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு காகித உறையோடு அவன் நிற்கிறான். "கோர்ட்டு அண்ணன் சொல்லட்டும்" என்று ஏழு பேர் எழுதினார்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. படத்தைப் பெரிதாக்கிக் கதவு எண்ணைப் பார்த்தேன். "அது மாஜிஸ்திரேட் அறை, குற்ற வழக்குகள் மட்டும் நடக்கும் மாடி. சிவில் விவகாரமாக இருக்க வாய்ப்பில்லை" என்று எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன் என்று நான் சொல்லவும் இல்லை. இணையத்தில் ஒருவர் பெயரில் வந்ததை அவரே வெளியிட்டதாக அனுமானிக்கும் 114ஏ பிரிவு சான்றுச் சட்டத்தில் 2012 முதல் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியும் எழுதினேன்.

மாலைக்குள் அது மூன்று குழுக்களைத் தாண்டிவிட்டது. இரவில் போதைப்பொருள் வழக்காக மாறியிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பையனின் தந்தை என் வீட்டு வாசலில் நின்றார். பள்ளி வேன் ஓட்டுபவர், கோயிலில் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்பவர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "அண்ணே, நீங்கள் இருபத்தாறு வருடம் அங்கேதான் வேலை பார்த்தீர்கள். சாட்சி சொல்ல வருகிறவர்களும் அந்த மாடிக்குத்தானே வருவார்கள்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தைப் பார்த்ததற்காகப் பையனுக்குச் சாட்சி அழைப்பாணை வந்திருந்தது. கையில் இருந்த உறை அதுதான். நான் என் கையாலேயே அப்படிப்பட்ட அழைப்பாணைகளைச் சரிபார்த்து எத்தனையோ பேரை அதே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன்.

தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அன்றே குழுவில் எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரலைப் போட்டார்கள். முதல் செய்தி போன இடங்களுக்கு இரண்டாவது செய்தி போகவில்லை. அடுத்த பருவத்தில் பையனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. முழங்கால் காயம்தான் காரணம் என்று அவன் தந்தை சொன்னார். என் மனம் ஆறட்டும் என்று சொன்னாரா, உண்மையைத்தான் சொன்னாரா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் ஆட்டக்காரர் விஷயத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: வாக்குமூலமா, காவலா, குற்றச்சாட்டா? செய்தியிலேயே அந்தச் சொல் இருக்கும். இல்லாவிட்டால் எழுதியவருக்கே தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு பதிவாகி, எந்தப் பிரிவு என்பதும் வெளிவந்த பிறகு அதைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். கழகம் நடந்துகொண்ட விதத்தைத் திட்டுங்கள், அவருக்காகக் கைதட்ட மனம் வரவில்லை என்றால் தட்டாதீர்கள். பாதிக்கப்பட்டதாகப் புகார் கொடுத்தவர் யார் என்று தேடிக்கொண்டு மட்டும் கிளம்பாதீர்கள். ஆட்டக்காரருக்காவது வழக்கறிஞரும் கழகமும் இருக்கும்.

போன மாதம் டாக்ஸி அண்ணன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்கள், இவனையும் தூக்கிவிட்டார்கள்" என்றார்.

"சாட்சியாகவா, சந்தேக நபராகவா?"

"அதெல்லாம் போடவில்லை."

"போட்டதும் சொல்லுங்கள்."

கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு திரையில் பெனால்டி கொடுக்காத நடுவரைப் பார்த்து, "காயூ!" என்று கத்தினார். மரக்கட்டை என்று அர்த்தம், மலேசியாவில் நடுவருக்கு அதுதான் பெயர். நானும் சேர்ந்து கத்தினேன்.