பத்து வெள்ளிக்கு என்ன பேரு தம்பி?

கேள்வி: அக்கா, நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் எஸ்டேட்ல பொறந்து வளந்தவன். வீட்டுக்காரம்மா ஈப்போவுல ஒரு பெக்டரியில லைன் லீடர், இருவது பேரைப் பாத்துக்குறாங்க. இப்ப சூப்பர்வைசர் வேலைக்கு இண்டர்வியூ வந்திருக்கு. விண்ணப்பப் பாரத்துல மேனேஜ்னு போடுறதா, கண்ட்ரோல்னு போடுறதா, ஹேண்டில்னு போடுறதா? எல்லாம் ஒரே அர்த்தம்தானே? அவங்க பயந்த சுபாவம், நாலு பேர் முன்னாடி வாயே வராது, அதனால நானே எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். வீட்டுலயும் காசு விஷயம் எல்லாம் நான்தான் மேனேஜ் பண்றேன், அவங்க ஏடிஎம் காடு என்கிட்டதான் இருக்கு, காலையில பத்து வெள்ளி (ரிங்கிட்) குடுத்துருவேன், அதுக்கு மேல கேட்டதே இல்ல. மகள் படிவம் 4 படிக்குது. இவங்களுக்கு எப்படி தைரியம் வர வைக்கிறது?

பதில்: தம்பி, மொதல்ல வார்த்தைக்கு பதில் சொல்லிடுறேன், அது சின்ன வேலை. மூனும் ஒன்னு இல்ல. மேனேஜ்னா ஆளுங்களையோ வேலையையோ பொறுப்பெடுத்து நடத்துறது, இருவது பேர் இருக்குற லைனை மேனேஜ் பண்றேன்னு தாராளமா போடலாம், சூப்பர்வைஸ், லீட் இதுவும் சரிதான். ஹேண்டில்னா கைக்கு வந்த பிரச்சனைய சமாளிக்கிறது, மெஷின் நின்னுபோச்சு, கம்ப்ளெய்ன் வந்துச்சு, அதுக்கெல்லாம் அது. கண்ட்ரோலை குவாலிட்டி, ஸ்டாக், செலவு இதோட சேத்து எழுதுங்க, ஆளுங்களோட சேத்து எழுதாதீங்க, இவங்களை எல்லாம் அடக்கி வச்சிருக்கேன்னு அர்த்தம் போயிரும். அப்புறம் மேனேஜுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு, பத்தாததை வச்சு எப்படியோ ஓட்டிக்கிறது. உங்க வீட்டுல அந்த மேனேஜை யாரு பண்றான்னு நீங்க எழுதுனதை நீங்களே இன்னொரு தடவை படிங்க.

இந்த மாதிரி லெட்டர் எனக்கு நெறைய வருது தம்பி. எல்லாமே பொண்டாட்டிக்கு தைரியம் இல்லன்னுதான் ஆரம்பிக்கும், ஏடிஎம் காடு யார்கிட்ட இருக்குங்கிறது கீழ ஏதோ ஒரு வரியில கெடக்கும். நீங்களும் அந்த பத்து வெள்ளிய போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க, நான் அங்கயே நின்னுட்டேன். இருட்டோட கெளம்பி பஸ் ஏறி ஈப்போ போற பொம்பள, கேண்டீன்ல ஒரு சோறு ஒரு தேத்தண்ணி, முடிஞ்சுது அந்தக் காசு. கூட வேலை செய்ற புள்ளைக்கு கல்யாணம்னா கவர்ல வைக்க உங்ககிட்ட கேக்கணும், மாசத்துக்கு வேண்டிய பேட் வாங்கக் கூட உங்ககிட்ட கேக்கணும், அவங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னா அம்பது வெள்ளி அனுப்ப உங்க மொகத்தப் பாக்கணும். பெத்தவங்களுக்கு செய்றது ஆம்பள புள்ளைக்கு மட்டும் உள்ள கடமைன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், அந்தத் தாயும்தானே வளத்தாங்க. மேல கேட்டதே இல்லன்னு பெருமையா எழுதுறீங்களே, ஏன் கேக்கலன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?

கண்ட்ரோல்ங்கிற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா, பழைய பிரெஞ்சு, லத்தீன் வழியா, கணக்குச் சுருளுக்கு எதிரா வைக்கிற இன்னொரு சுருள்ங்கிற அர்த்தத்துலேர்ந்து. ஒருத்தர் எழுதுற கணக்குக்கு நகல் வேற ஒருத்தர் கையில இருக்கும், ரெண்டையும் ஒத்துப் பாத்து திருட்டு இல்லன்னு உறுதி பண்ணிக்குவாங்க. அப்ப கேக்குறேன், உங்க சம்பளம் எவ்வளவு, அது எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியுமா? உங்க காடு அவங்க கையில இருக்கா? அவங்க கணக்க நீங்க பாக்குறீங்க, உங்க கணக்க பாக்க ஆளே இல்லன்னா அது என்ன நியாயம்? நீங்க எஸ்டேட்ல வளந்தவரு, எஸ்டேட்டுக்கு ஆள் சேத்து வேலை வாங்குன கங்காணி கதை கேட்டிருப்பீங்க. பெரட்டுக்கு, அதான் காலையில ஆளுங்களை நிக்க வச்சு பேர் எடுக்குறதுக்கு, எத்தனை ஆள் வந்துச்சோ அதுக்கேத்த தலைக்காசு கங்காணிக்கு, ரப்பர் மரம் சீவி பால் எடுத்தது வேற கை. அத அனுபவிச்சது நம்ம தாத்தா பாட்டிங்க. அந்த முறைய வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க தம்பி.

உன் காசு என் காசுன்னு தனித்தனியா பிரிச்சு வச்சுக்கிற குடும்பத்துக்கு நான் வக்காலத்து வாங்கல, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. ரெண்டு சம்பளமும் ஒன்னா சேந்துதான் வீட்டுக்கடன், கார் தவணை, டியூஷன் எல்லாம் நடக்கணும். ஆனா சேக்குறதுன்னா மாசத்துல ஒரு ராத்திரி ரெண்டு பேரும் ஒக்காந்து பில்லு எல்லாம் எடுத்து வச்சு பேசுறது, மிச்சத்துல ரெண்டு பேருக்கும் கேள்வி கேக்காத ஒரு கைச்செலவு. ஒருத்தர் வாங்கி வச்சுக்கிட்டு இன்னொருத்தருக்கு பள்ளிக்கூடப் புள்ளைக்கு குடுக்குற மாதிரி குடுக்குறதுக்குப் பேரு சேக்குறது இல்ல. படிவம் 4 படிக்கிற பொண்ணு தெனம் காலையில அதப் பாத்துக்கிட்டுதான் ஸ்கூலுக்குப் போகுது, நாளைக்கு அதுக்கு வரப்போற மாப்பிள்ளையும் இப்படி எண்ணிக் குடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?

சட்டம் என்னன்னும் தெரிஞ்சுக்குங்க. திருமணமான பெண்கள் சட்டம்னு 1957லேர்ந்தே இந்த நாட்டுல இருக்கு, கட்டிக்கிட்டு வந்த பொண்ணு அவ சொத்தை அவளே வச்சுக்கலாம், அவளே செலவழிக்கலாம். 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தை 2017ல திருத்துனப்ப, நேர்மையில்லாம ஒருத்தரோட சொத்தை எடுத்து அந்த நட்டத்தால அவங்களுக்கு மன உளைச்சல் குடுக்குறதையும் அதுல சேத்தாங்க. நீங்க அப்படிப்பட்டவருன்னு நான் சொல்லல, ஆனா நீங்க நிக்கிற எடத்துலேர்ந்து அந்தக் கோடு ரொம்ப தூரம் இல்ல.

தைரியம் வர வைக்கிறது எப்படின்னு கேட்டீங்க. இருவது பேருக்கு வேலை பிரிச்சுக் குடுக்குற பொம்பளைக்கு தைரியத்தை நீங்க எங்கேர்ந்து கொண்டு வந்து குடுக்கப் போறீங்க? பெக்டரியில வாய் தெறக்குறவங்க வீட்டுல தெறக்கலன்னா வீட்டைத்தான் பாக்கணும்.

தங்கச்சி, இத நீங்க படிச்சா உங்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பள ஸ்லிப்பை நீங்களே வாங்கி ஈபிஎஃப், அதான் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம், சரியா போகுதான்னு பாருங்க. வீட்டுல பேச முடியாத நெலமைன்னா தாலியான் காசேன்னு அரசாங்கத்தோட உதவி லைன் இருக்கு, 15999, எந்த நேரமும் கூப்பிடலாம்.

தம்பி, பாரத்தை நீங்க எழுதாதீங்க, அவங்க வேலைய அவங்களே அவங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதட்டும், ஸ்பெல்லிங் தப்பு இருந்தா மகள் பாத்துக்கும். காடை இன்னைக்கு ராத்திரியே கையில குடுத்துருங்க, நாளைக்கு அவங்களே போயி பின் நம்பரை மாத்தட்டும், புது நம்பர் என்னன்னு கேக்காதீங்க.