நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் என்ன கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 46. மார்பகப் புற்றுநோய்க்காக 21 நாட்களுக்கு ஒருமுறை சென்னைக்கு ரயிலில் சென்று கீமோதெரபி எடுத்து வருகிறேன். இரண்டு முறை முடிந்துவிட்டது. பார்க்க வரும் உறவினர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். நான்தான் அவர்களைத் தேற்றுகிறேன். கணவரோ பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். யாரிடம்தான் மனம் விட்டுப் பேசுவது?
- வாசகி, மன்னார்குடி

பதில்: சகோதரி, நோயாளியே வந்தவர்களைத் தேற்றி அனுப்பும் விசித்திரம் நம் வீடுகளில் ஏராளம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பார்கள் அல்லவா, அப்போது தலையாட்டி அனுப்பிவிடாமல் ஒரு வேலையை ஒப்படைத்துவிடுங்கள். கீமோ முடிந்து ஊர் திரும்பும் நாளின் சமையலாக இருக்கலாம், ரேஷன் வாங்கி வருவதாகவும் இருக்கலாம். கைக்கு வேலை கிடைத்ததும் பலருக்கு அழுகை நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலைக்கு மட்டும் ஆளை இன்றே முடிவு செய்தாக வேண்டும். கீமோ ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறைந்துவிடும் என்பதால், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வீட்டில் இருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திராமல், உடனே உங்கள் மருத்துவமனையை அழைத்து, அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போய்விட வேண்டும். நள்ளிரவு 2 மணிக்கும் வண்டி எடுத்து வரக்கூடியவர் யார் என்று பேசிவைத்து, அவருடைய எண்ணைத் தெர்மாமீட்டர் டப்பாவின் மூடியிலேயே ஒட்டிவையுங்கள். சளி இருமலோடு நலம் விசாரிக்க வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பத் தயங்கவே வேண்டாம்.

கணவர் எழுந்து போவதை அக்கறையின்மை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதித் தரும்படி அவரிடம் சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கிருந்தே தொடங்கக்கூடும்.

மனம் விட்டுப் பேச, மருத்துவமனையில் மனநல ஆலோசகரோ மருத்துவ சமூகப் பணியாளரோ இருக்கிறாரா என்று செவிலியரிடம் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இயங்குகிறது. மனம் கனக்கும் இரவுகளில் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரையும் விட்டுவிடாதீர்கள். வாய்ப்புண்ணோடு மோர் சாதம் எப்படி இறங்கியது என்பதை அவரிடம்தான் கேட்க முடியும். (மருந்து விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.)

ரயில் பயணத்துக்கு மருத்துவமனையில் சலுகைச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் உங்களுக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும், உடன் வருபவருக்கு 75 சதவீதமும் தள்ளுபடி உண்டு. அழுதுவிட்டுப் போன உறவினர்களில் ஒருவரை அடுத்த முறை துணைக்கு அழைத்துக்கொண்டால், கணவரும் அன்றிரவு வீட்டில் தூங்குவார்.