ஐஎஸ்ஓவைக் குறைத்தும் நாய்ஸ் வருகிறதா? கேள்வி பதில்

கேமராவில் வரும் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளியும் சொரசொரப்பும்) பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். ஐஎஸ்ஓ என்பது படத்தை எவ்வளவு பிரகாசமாக்க வேண்டும் என்று கேமராவில் வைக்கும் எண். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ரிசப்ஷன் எடுத்தேன். ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டவே இல்லை, ஆனாலும் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. சென்சார் போய்விட்டதா?

சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் அனுப்பிய ரா ஃபைலை (கேமரா எதுவும் திருத்தாமல் சேமித்த கோப்பு) திறந்து பார்த்தேன், ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் மொத்தமும் இருட்டுப் பக்கமான இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் எக்ஸ்போஷரை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றியிருக்கிறீர்கள். 800இல் எடுத்து மூன்று ஸ்டாப் ஏற்றினால் அது 6400இல் எடுத்ததற்குச் சமம், சில பழைய கேமராக்களில் அதைவிட மோசமாகவே வரும்.

நாய்ஸுக்கு முதல் காரணம் வெளிச்சம் போதாததுதான், ஐஎஸ்ஓ எண் இல்லை. மழை தூற ஆரம்பிக்கும்போது மொட்டை மாடித் தரையைப் பாருங்கள், ஒரு ஓட்டில் நாலு துளி விழுந்திருக்கும், பக்கத்து ஓட்டில் ஒன்றுகூட இருக்காது, கொட்டித் தீர்த்த பிறகு எல்லா ஓடும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். ஒளியும் இப்படிச் சிதறித்தான் சென்சாரில் விழுகிறது. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) கிடைத்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 கிடைத்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். எவ்வளவு விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. விழுந்து முடிந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது மட்டும்தான் ஐஎஸ்ஓவின் வேலை.

அதனால் மண்டபத்தில் முதலில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, திறங்கள், அப்புறம் ஆட்கள் அசங்காத அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், மிச்சத்தை ஐஎஸ்ஓ பார்த்துக்கொள்ளட்டும். 3200 ஆனாலும் 6400 ஆனாலும் பயப்படாமல் வையுங்கள். கேமராவுடன் வந்த உங்கள் கிட் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப் 5.6தான் தரும் (எஃப் எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரிது). ஒரு 50 எம்எம் எஃப் 1.8 மாட்டினால் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். முழுக்கத் திறந்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஃபோகஸில் நிற்பது கஷ்டம் என்பதும் உண்மை, ஜோடிப் படத்துக்கு எஃப் 2.8 வைத்தாலே 5.6ஐவிட 4 மடங்கு கிடைக்கிறது.

கேள்வி: மேடம், அதே மண்டபம் மாதிரி இடத்தில் எனக்குப் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வருகிறது. நாய்ஸ் ரிடக்‌ஷன் எவ்வளவு போட்டாலும் போகவில்லை.

போகாது, ஏனென்றால் அது நாய்ஸே இல்லை, விளக்கின் சிமிட்டல். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. சைலன்ட் மோடில் எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழே வரிசை வரிசையாகப் படிக்கும்போது, ஒவ்வொரு வரிசைக்கும் விளக்கு வேறு வேறு நிலையில் இருக்கிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள், சிமிட்டலுக்கு ஏற்றபடி படம் எடுக்கும் ஆன்ட்டி ஃப்ளிக்கர் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரை மட்டும் தனி ரகம், அது வேறு வேகத்தில் சிமிட்டும், ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

கேள்வி: வேடந்தாங்கலில் காலை ஆறரைக்கு எடுத்த நாரைப் படங்கள் எல்லாமே சொரசொரப்பு. ஷட்டர் 1/2000, லென்ஸ் எஃப் 6.3.

பறக்கும் பறவைக்கு 1/2000 சரி. ஆனால் நீங்கள் காட்டிய நாரை கூட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு 1/250 போதும், மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைச் சும்மா விட்டுவிட்டீர்கள். இன்னொன்று கிராப். படத்தின் கால் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் சென்சார் பிடித்த வெளிச்சத்திலும் கால் பங்கைத்தான் பயன்படுத்துகிறீர்கள், மீதியை நீங்களே தூக்கிப் போட்டாகிவிட்டது. சூரியன் கொஞ்சம் ஏறட்டும், அரை மணி நேரத்தில் நிலைமையே மாறிவிடும்.

கேள்வி: கொடைக்கானலில் நட்சத்திரம் எடுத்தபோது சிவப்பு, நீலம், பச்சையில் புள்ளிகள். எல்லாப் படத்திலும் அதே இடம்.

அதே இடம் என்கிறீர்களே, அதுதான் துப்பு. ஒளியால் வரும் நாய்ஸ் படத்துக்குப் படம் இடம் மாறும், இடம் மாறாமல் நிற்பது ஹாட் பிக்சல், வெளிச்சம் படாமலேயே ஒளிர்வதாகக் காட்டும் பிக்சல். லென்ஸ் மூடியைப் போட்டு, வியூஃபைண்டர் வழியாகவும் வெளிச்சம் புகாமல் மறைத்து, ஐஎஸ்ஓ 1600இல் 30 நொடி ஒரு படம் எடுங்கள். இருட்டான படத்தில் அந்தப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

சூடு ஏற ஏற இது பெருகும். ரொம்ப நேரம் லைவ் வியூவை (பின்திரையில் நேரடிக் காட்சி) ஓடவிட்டுவிட்டு உடனே நீண்ட எக்ஸ்போஷர் எடுக்காதீர்கள், கேமராவை ஆறவிடுங்கள். மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கும், அது ஒவ்வொரு படத்துக்கும் அப்புறம் அதே நேரத்துக்கு ஒரு இருட்டுப் படம் எடுத்துக் கழித்துவிடுகிறது. ஒற்றைப் படத்துக்கு அருமையான வசதி. நட்சத்திரங்கள் நகர்வதைக் கோடாகக் காட்டும் ஸ்டார் டிரெயில் எடுப்பவர்கள் மட்டும் அதை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்தக் காத்திருப்பு நேரம் கோட்டில் இடைவெளியாக விழும். அவர்கள் கடைசியில் அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், அதே குளிரில் மூடி போட்டு ஒரு பத்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மென்பொருளில் கழித்துக்கொள்ளலாம். பகல் வெயிலில் எடுத்த படத்திலும் ஒரு புள்ளி நின்றால் பிக்சல் மேப்பிங் (கெட்ட பிக்சலைக் கண்டுபிடித்துக் கேமராவே மறைக்கும் வசதி) செய்யுங்கள். ஒலிம்பஸ் மாதிரி கேமராக்களில் மெனுவிலேயே இருக்கிறது, இல்லாதவர்கள் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

கேள்வி: வீட்டு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிழல் பகுதி மட்டும் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது.

மஞ்சள் பல்பில் நீல ஒளி ரொம்பக் குறைவு, சென்சாரிலும் நாலில் ஒரு பிக்சல்தான் நீலத்துக்கு. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சமன் செய்வது) சரி செய்யும்போது அந்தக் கொஞ்சத்தை மென்பொருள் இழுத்துப் பெருக்குகிறது, கூடவே அதன் நாய்ஸும் பெருகுகிறது. லைட்ரூமில் கலர் என்ற நாய்ஸ் ஸ்லைடரைத் தாராளமாக ஏற்றலாம், விவரம் அவ்வளவாகக் கெடாது. வெளிச்சப் புள்ளிகளைத் துடைக்கும் லூமினன்ஸ் ஸ்லைடரில்தான் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஜேபெக் சுத்தமாக இருக்கிறது, ரா ஏன் மோசம்?

ஜேபெக்கைக் கேமராவே துடைத்துத் தருகிறது. ராவைத் துடைக்கும் வேலை உங்களுடையது.

கேள்வி: ஏஐ டீநாய்ஸ் போட்டால் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிறதே அக்கா?

2023இல் லைட்ரூமில் வந்த டீநாய்ஸ் நல்ல கருவி, நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஆனால் அளவைக் குறையுங்கள், கொஞ்சம் நாய்ஸ் மிச்சமிருந்தால்தான் தோல் தோலாக இருக்கும். போட்ட பிறகு காஞ்சிபுரம் பட்டின் ஜரிகைக் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள், இழை தெரியாத இடத்தில் மென்பொருள் தானாக ஒரு பின்னலைப் போட்டு வைத்திருக்கும், நெய்தவர் போடாத பின்னல். அந்த இடத்தில் மாஸ்க் வைத்துப் பழைய படத்தையே விட்டுவிடுங்கள். அசையாத கோபுரம், சிற்பம் என்றால் இதெல்லாம் வேண்டாம், டிரைபாடில் 16 படம் எடுத்துச் சராசரி போட்டால் ஒளிச் சிதறலால் வரும் நாய்ஸ் நாலில் ஒரு பங்காகிவிடும். இல்லாத இழை எதுவும் வராது.

கேள்வி: ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் தீருமா?

குறையும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மில்லிமீட்டர், அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5×15.6. பரப்பில் 2.3 மடங்குக்கு மேல், அதே எஃப் எண்ணிலும் ஷட்டரிலும் ஒரு ஸ்டாப்பைவிடச் சற்றே கூடுதல் லாபம். எஃப் 5.6 லென்ஸிலிருந்து 1.8க்கு மாறினால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் கிடைக்கிறது, செலவோ ஃபுல் ஃப்ரேம் கேமராவின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். லென்ஸை முதலில் வாங்குங்கள்.

கேள்வி: நூறு சதவீதம் பெரிதாக்கினால் எல்லாப் படத்திலும் நாய்ஸ் தெரிகிறது. கஸ்டமருக்குக் கொடுக்கலாமா?

24 மெகாபிக்சல் படம் 6000×4000. 12×8 அங்குல பிரிண்டுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600×2400 போதும், சுருங்கும்போதே நாய்ஸில் நல்ல பங்கு கரைந்துவிடும். சந்தேகமான படத்தில் ஒன்றை லேபில் கொடுத்து அந்த அளவில் பிரிண்ட் போட்டு, ஆல்பம் பார்க்கும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். முகம் கூர்மையாக இருந்தால் கொடுங்கள்.